ராத்திரி தூங்குனியா?

மக்ரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் கால்மணி நேரம் இருக்கிறது. ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம், சந்துக்குள் சந்தாகப் போகிற இடத்தில் இருக்கும் அந்தப் பள்ளிவாசலின் முன்னால் பெண்கள் வரிசைகட்டத் தொடங்கிவிட்டார்கள். வியாழக்கிழமை. கையில் தண்ணீர் பாட்டில், இடுப்பில் குழந்தை. நெற்றியில் குங்குமம் வைத்தவர்கள்தான் பாதிக்கு மேல். ஒருத்தி கழுத்தில் சிலுவை டாலர். இன்னொருத்தி மீன்கூடையை எதிர்ச்சுவரோரம் இறக்கி ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டு வந்து நிற்கிறாள். ஒரு கண் பள்ளிவாசல் கதவில், ஒரு கண் அங்கே உலாவும் பூனைமீது. இரவெல்லாம் அழுகிற குழந்தை, பால் குடிக்காத குழந்தை, தூக்கத்தில் திடுக்கிட்டு விழிக்கிற குழந்தை. தொழுகை முடிந்து வெளியே வருகிற ஆண்கள் நின்று, வாய்க்குள் ஓதி, உச்சந்தலையிலும் பாட்டில் வாயிலும் ஊதிவிட்டுப் போவார்கள். காசு கிடையாது. பேர், ஊர் கேட்பது கிடையாது. வடசென்னையில் வளர்ந்த எந்த மதத்துப் பிள்ளைக்கும் ஒரு தடவையாவது இப்படி ஊதியிருப்பார்கள்.

வரிசையின் கடைசியில் நிற்கிற குழந்தைக்கு முப்பது வயதிருக்கும்.

சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருக்கிறது. தலை வழித்து வாரியது அம்மா கைவேலை என்று வகிட்டைப் பார்த்தால் தெரிகிறது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. இடதை ஊன்றுகிறான், வலதை ஊன்றுகிறான், மறுபடி இடது. சில மாத்திரைகள் இந்த நிலைகொள்ளாமையைக் கொடுக்கும். பார்க்கிறவர்கள் அதையும் நோயின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்.

அம்மா கையில் ஒரு கட்டைப்பை. ஏதோ துணிக்கடையின் பெயர் பாதி அழிந்துபோயிருக்கிறது. பாட்டிலைத் தேடி ஒவ்வொன்றாக வெளியே எடுக்கிறாள். பாலிதீன் உறைக்குள் ஓபி நோட்டு. செய்தித்தாளில் சுற்றிய மாத்திரை அட்டைகள். காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம். விபூதிப் பொட்டலம். விரல் நீளக் குப்பியில் ஜெப எண்ணெய். வேளாங்கண்ணி மாதா படம் ஒன்று, மூலை மடங்கி. கடைசியில்தான் தண்ணீர் பாட்டில் வருகிறது. மற்றதையெல்லாம் அதே ஒழுங்கில் திரும்ப உள்ளே வைக்கிறாள். அந்தப் பைக்குள் ஒன்றோடொன்று சண்டை இல்லை. சண்டையெல்லாம் அவற்றைக் கொடுத்தவர்களுக்குள்தான்.

முன்னால் நிற்கிற மீன்காரம்மா திரும்பிப் பார்க்கிறாள்.

“இன்னாமா உம் புள்ளைக்கு?”

“ஒடம்பு செரியில்லக்கா.”

“காத்து கருப்பா?”

“இன்னானு தெர்ல. லாஞ்சுல போய்னிருந்தான். நடுக்கடல்ல யாரோ கூப்புட்றாங்கனு குதிக்கப் போய்ட்டான். கயித்தால கட்டி இட்டாந்து காசிமேட்டுல எறக்கி வுட்டாங்க.”

“ஐயோ. எத்தினி நாளாச்சு?”

“ரெண்டு வருசம்.”

இதெல்லாம் அவன் தலைக்கு மேலேயே நடக்கிறது. அவனைக் கட்டிய கயிற்றைப் பற்றி, அவனைக் கூப்பிட்ட குரலைப் பற்றி. அவன் பூனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

ஸ்டான்லி மருத்துவமனை இங்கிருந்து நடந்துபோகிற தூரம்தான். மனநலப் பிரிவு இருக்கிறது, மாத்திரை இலவசம். ஆனால் பாதிப்பேர் முதலில் வந்து நிற்பது இந்த மாதிரி வாசல்களில். கீழ்ப்பாக்கம் என்ற பெயரை இந்த ஊர் வசவாகவே பழக்கிவைத்திருக்கிறது. 1794-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் புரசைவாக்கத்தில் தொடங்கி, பிறகு கீழ்ப்பாக்கத்துக்கு மாறிய மனநல மருத்துவமனை அது. சினிமா நகைச்சுவை போதாதென்று வீட்டிலும் சேட்டை செய்கிற பிள்ளையை அந்தப் பெயரைச் சொல்லித்தான் மிரட்டுகிறோம். 2015-16 தேசிய மனநல ஆய்வு, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்று கண்டது. போய்ச் சேராதவர்கள் வீட்டில் சும்மா இருந்தார்கள் என்று அர்த்தமில்லை. இந்த வாசலில் நின்றால் நோட்டில் பெயர் ஏறாது. நாளைக்குப் பெண் கேட்டுப் போகும்போது எவனும் அந்த நோட்டைப் புரட்டிக் காட்ட முடியாது.

தொழுகை முடிந்துவிட்டது. செருப்புத் தேடும் சத்தம். ஆண்கள் வரிசையை ஒட்டி நடந்து ஊதிக்கொண்டே போகிறார்கள். அவனுக்கு முன்னால் வரும்போது மட்டும் சிலருடைய நடை ஓர் எட்டு வேகமாகிறது. ஒருவர் நின்று ஊதுகிறார். ஆனால் அண்ணாந்து, எங்கோ பார்த்து.

கடைசியாக வருகிறவர் வயதான ஹஜ்ரத். அம்மாவைப் பார்க்கவில்லை. நேராக அவன் முகத்தைப் பார்க்கிறார்.

“தம்பி, ராத்திரி தூங்குனியா?”

அவன் அம்மாவைப் பார்க்கிறான். “எங்கங்க அஜரத்து தூங்…” என்று அவள் தொடங்க, ஹஜ்ரத் கையை லேசாக உயர்த்துகிறார். பார்வை அவன்மீதே இருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்து, அடித்து, சுற்றிக்கொண்டு போகிறது. அவர் காத்திருக்கிறார்.

“ரெண்டு மணிக்கு முழிச்சிக்கினேன்.”

“ஏன்?”

“ரெண்டு மணிக்குத்தான் தொழிலுக்குப் போவணும்.”

“இப்ப போறியா?”

“இல்ல.”

“மாத்திர போட்டியா?”

பதில் இல்லை. அம்மாவின் உதடு அசைகிறது, அடக்கிக்கொள்கிறாள்.

“போட்டா கை நடுங்குது. வல புடிக்க முடியாது.”

“அத டாக்டராண்ட சொன்னியா?”

“கேக்கல.”

“யாரு கேக்கல? அவரா, நீயா?”

அவன் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போகிறது.

“அடுத்த தடவ போறப்ப நீயே சொல்லு. அம்மா சொல்லக் கூடாது. நீ சொல்லணும்.”

அதன் பிறகுதான் ஓதத் தொடங்குகிறார். நிதானமாக ஓதி நெற்றியில் ஊதுகிறார், பாட்டிலில் ஊதுகிறார். அம்மா அவசரமாகப் பைக்குள் கைவிட்டு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுகிறாள். அவர் ஒரு கணம் தயங்கி, அதையும் வாங்கி, அதன் மேலும் ஊதித் திருப்பிக் கொடுக்கிறார்.

கை நடுக்கத்துக்கு மாற்று மாத்திரை உண்டு. அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். நடுக்கம் என்று ஒருவன் வாய்திறந்தால்தான். எந்த அரசு மருத்துவமனையின் ஓபியிலும் கூட்டம் கதவுவரை நிற்கும். “எப்படி இருக்காப்ல?” என்ற கேள்வி கூடவந்தவரிடம்தான் போகும், பதிலும் அவரிடமிருந்துதான் வரும். நடுச்சாமத்தில் கடலுக்குப் போகிற தொழில் என்று தெரியாமல் இரவு மாத்திரை எழுதினால், தொழிலா மாத்திரையா என்ற கேள்வியில் மாத்திரைதான் தோற்கும். மருத்துவரைக் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவருக்குக் கிடைக்கிற இரண்டு நிமிடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை, ஹஜ்ரத்துக்கு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அது சின்ன வித்தியாசமில்லை.

இந்தத் தெருக்களுக்குப் பித்தர்கள் புதிதுமல்ல. இங்கிருந்து நடந்தால் குணங்குடி மஸ்தான் சாகிபின் தர்கா. 1792-இல் ராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்தவர், சுல்தான் அப்துல் காதிர் என்று பெயர். நிச்சயித்த திருமணத்தை விட்டு ஓடி, காடுமேடெல்லாம் திரிந்து, ராயபுரத்துப் பக்கம் வந்து தங்கி, 1838-இல் இங்கேயே அடங்கினார். தெய்வத்தை மனோன்மணி என்று பெண்ணாக அழைத்துப் பாடியவர். அவருடைய சீடர்களில் முதலியாரும் உண்டு. அவர்மீது நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர். தொண்டியிலிருந்து வந்த தொண்டியாரால்தான் தண்டையார்பேட்டைக்கு அந்தப் பெயர் என்று ஊரில் சொல்வார்கள். பித்தன் என்று ஒதுக்கியவர்களும் உண்டு, பின்னாலேயே போனவர்களும் உண்டு.

இதை வைத்து ஞானிக்கும் மனநோயாளிக்கும் வித்தியாசமே இல்லை என்று எழுதிவிடுவது சுலபம். அப்படி எழுதுகிறவர் வீட்டில் யாரும் பத்து நாள் குளிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்றுதான் அர்த்தம். மஸ்தான் சாகிபு பிறந்த அதே கடற்கரையில் தெற்கே இறங்கினால் ஏர்வாடி. நோய் தீர்ந்தது என்று கனவில் உத்தரவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில், தர்காவைச் சுற்றிப் பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை வைத்துக்கொள்ளும் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் அவற்றில் ஒன்று தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை, உள்ளே இருந்தவர்கள் காலில் சங்கிலி. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, காப்பகங்கள் மூடப்பட்டன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 95-ஆவது பிரிவில் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று எழுதிவைத்தது. அவர்களைக் கொன்றது துவா என்ற பிரார்த்தனை அல்ல. அவர்களிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதான். கேட்டிருந்தால் முதலில் என்ன சொல்லியிருப்பார்கள்? காலை அவிழ்த்துவிடுங்கள் என்றுதானே.

பிறகு ஏர்வாடியிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 முதல் நடந்துவந்த வழி அது. தர்காவைப் பராமரிக்கும் முஜாவர்களே வருகிறவர்களைப் பார்த்து மருத்துவரிடம் அனுப்புவார்கள். மருத்துவர் தர்காவுக்குப் போகாதே என்று சொல்ல மாட்டார். ராயபுரத்துச் சந்தில் அம்மா நீட்டிய அட்டைக்கு ஹஜ்ரத் ஊதியதும் அதே திட்டம்தான். இங்கே அதற்கு அரசாணை இல்லை.

திருவொற்றியூரில் வேறு மாதிரி.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குக் காத்து நிற்கின்றன. லாரி நிழலில் ஓட்டுநர்கள் தூங்குகிறார்கள். அந்த வரிசைக்கும் கடலோரக் கற்சுவருக்கும் நடுவே பட்டினத்தார் கோயில். மாளிகையை உதறிக் கோவணத்தோடு கிளம்பியவர். பேய்க்கரும்பு எங்கே இனிக்கிறதோ அங்கே அடங்கவேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து, இங்கே வந்து இனித்ததாகக் கதை. செம்படவச் சிறுவர்களோடு விளையாடி, தன்னை மூடிவைக்கச் சொல்லி, திறந்தபோது லிங்கமாக இருந்தாராம். இன்றைய கணக்கில் வேலையை விட்டவர், வீட்டை விட்டவர், குளிர் வெயில் பாராதவர், நடுவயதில் சின்னப் பையன்களோடு மணலில் விளையாடுகிறவர். கோயில் வாசல் கடைக்காரம்மாவிடம் கேட்டால் என்ன சொல்வாளோ.

கடைக்காரம்மா இப்போது வேறொருவர்மீது கண்ணாக இருக்கிறாள். ஐம்பது வயதுக்காரர், லுங்கி, உள்பனியன். விளக்குமாறோடு முன்வாசலைப் பெருக்குகிறார். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குகிறார். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து போடுவதால் வேலைக்கு முடிவே இல்லை. அது அவருக்கு வசதியாகத்தான் இருக்கிறது. வாய் எதையோ பேசிக்கொண்டே இருக்கிறது. பூசாரி அவர் பக்கம் திரும்புவதே இல்லை. உச்சிக்காலம் முடிந்ததும் இலையில் சாதம் போட்டு, படியில் வைத்துவிட்டு, “சாப்டு” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்.

“யாரும்மா அவுரு?” என்று பூ வாங்க வந்தவள் கேட்கிறாள்.

“இங்க பக்கத்துலதான். குணசீலம் கோயில்ல நாப்பத்தெட்டு நாள் வெச்சிருந்தாங்க. அங்க நல்லாத்தான் இருந்தாரு. ஊட்டுக்கு வந்தா திரும்ப ஆரமிச்சிடுது. பொண்டாட்டி காலைல இங்க வுட்டுட்டு வேலைக்குப் போவும், சாந்தரம் வந்து இட்னு போவும்.”

“சும்மா இருப்பாரா?”

“வெளக்கமாறு குட்த்தா சும்மா இருப்பாரு.”

பெங்களூர் நிம்ஹான்ஸின் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் 2000-ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் இதைத்தான் உட்கார்ந்து பார்த்தார்கள். அதுவும் ஒரு சமாதிக் கோயில், முத்துசாமி என்பவர் அடங்கிய இடம். தங்கவந்த 31 பேரை, வந்த நாளிலும் போகும் நாளிலும் பரிசோதித்தார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். பேயோட்டல் இல்லை, சங்கிலி இல்லை, மருந்தும் இல்லை. காலையில் பூசை, அப்புறம் செடிக்குத் தண்ணீர், பெருக்கல், கூட்டல். நோய்க்குறிகளின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை அது. மந்திரத்துக்கு அல்ல, மிரட்டாத இடத்துக்குத்தான் அந்தப் பலனை அவர்கள் எழுதினார்கள். 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, ஆறு வாரம் என்பது சின்னக் காலம். கோயில் போதும், மருந்து வேண்டாம் என்று அதைத் தூக்கிக்கொண்டு ஆடுகிறவர்கள் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. கடைக்காரம்மாவுக்கு அது தெரிகிறது.

எண்ணூருக்குப் போகப் போகக் காற்றின் வாசனை மாறும். ஞாயிற்றுக்கிழமை. தகரக்கூரை போட்ட ஜெபவீடு, உள்ளே நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு கீபோர்டு, அந்த இடத்துக்குத் தேவைக்கு நாலு மடங்கு ஸ்பீக்கர். பாஸ்டர் ஒருவரை முன்னால் நிறுத்தித் தலைமேல் கைவைத்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த ஆள், அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவர். “வெளியே போ! இந்தச் சரீரத்த வுட்டு வெளியே போ!” ஸ்பீக்கர் கிரீச்சிடுகிறது. சபை எழுந்து நின்று கைதட்டுகிறது. அந்த ஆள் கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார். விழவேண்டும் என்று எல்லோரும் காத்திருப்பது அவருக்கும் தெரிகிறது. கொஞ்ச நேரத்தில் விழுகிறார், பத்திரமாக, பின்னால் விரித்த பாய்மேல். ஆவியோடு அவ்வளவு நேரம் பேசியாயிற்று. அவரோடு ஒரு வார்த்தையும் இல்லை.

ஆராதனை முடிந்து நாற்காலிகளை அடுக்குகிறார்கள். பக்கத்துத் திண்ணையில் அவரும் மனைவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பாஸ்டரம்மா இரண்டு டம்ளர் டீயோடு வந்து தரையில் உட்காருகிறார்.

“டீ குடிங்க பிரதர்.”

அவர் டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்கிறார். கீழே வைக்கிறார்.

“ராவெல்லாம் துணிய நனைச்சி ஜன்னல்ல அடைக்கிறாரும்மா. வுடுறதே இல்ல. கேஸ் வருது, கேஸ் வருதுன்னு,” என்கிறாள் மனைவி.

“நாறுது,” என்கிறார் அவர்.

“ஆமா பிரதர். எனக்கும் அடிச்சுது நேத்து. காத்து அந்தப் பக்கம்.”

அவர் நிமிர்ந்து பார்க்கிறார். இந்தப் பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. மனைவியும்தான்.

வேறெந்த ஊரிலும் இதைக் கேட்கிற மருத்துவர் நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்வார். எண்ணூரில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன்னால், உரத் தொழிற்சாலைக்கு வரும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் பக்கத்து மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினார்கள். அதே மாதம்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுக்கப் படிந்தது. சாம்பல் எப்போதும் உண்டு. இங்கே ஒரு மனிதன் காற்றில் விஷம் என்று சொன்னால் அதில் பாதி செய்தித்தாளில் இருக்கும்.

“எனக்குன்னு பாத்து வுடுறாங்க,” என்கிறார் அவர், குரலைத் தாழ்த்தி. “எங்க வூட்டுக்கு மட்டும். பைப் தனியா போட்ருக்காங்க.”

பாஸ்டரம்மா டம்ளரைத் தரையில் சுழற்றுகிறார்.

“அது எனக்குத் தெரியல பிரதர். நாத்தம் தெரியுது. பைப் எனக்குத் தெரியல.”

“இருக்கு.”

“உங்களுக்கு பயமா இருக்கு. அதுவும் தெரியுது.”

அவர் தலையாட்டுகிறார். டீயை எடுத்து ஒரு மிடறு குடிக்கிறார்.

பைப் இல்லை என்று வாதாடவும் இல்லை, இருக்கிறது என்று ஒத்துக்கொள்ளவும் இல்லை. இதைப் படித்துத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920-இல் தானே மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டார். மீண்டு வந்து, 1924-இல் வூஸ்டர் மனநல மருத்துவமனையில் போதகராகச் சேர்ந்து, இறையியல் மாணவர்களை வார்டுக்கு அழைத்துவந்து, புத்தகத்தைப் படிப்பதுபோல நோயாளியைப் படிக்கச் சொன்னார். மருத்துவமனைப் போதகர்களுக்கான பயிற்சி உலகெங்கும் பரவியது அந்த வேரிலிருந்து. பாஸ்டரம்மாவுக்குப் பாய்சனைத் தெரிந்திருக்க வழியில்லை. எண்ணூரில் குடியிருக்கிறார். மூக்கு இருக்கிறது. அது போதுமானதாக இருந்திருக்கிறது.

“டாக்டர எப்ப பாக்கணும்?”

“போன மாசமே போயிருக்கணும்மா,” என்கிறாள் மனைவி. “ரயில்ல ஏற மாட்றாரு. மூச்சு முட்டுதாம்.”

“பஸ்ல போலாமா பிரதர்? ஜன்னலோரம் உக்காருங்க. நானும் வரேன். புதன்கிழம?”

அவர் பதில் சொல்ல நேரமெடுக்கிறார். மனைவி பேசப் போகிறாள். பாஸ்டரம்மா அவள் முழங்கைமேல் கைவைக்கிறார்.

“புதன் ஓபி இல்ல,” என்கிறார் அவர். “திங்கதான்.”

“திங்க உபவாச ஜெபம் இருக்கே.”

பாஸ்டர் தொண்டை கட்டிய குரலோடு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வெளியே வருகிறார். “திங்க இன்னா?”

“இவங்களோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஜெபத்த நீங்க பாத்துக்குங்க.”

பாஸ்டர் அந்த ஆளைப் பார்க்கிறார், மனைவியைப் பார்க்கிறார். “மாத்திர ஒண்ணும் தேவையில்ல, கர்த்தர்…” என்று தொடங்குகிறார்.

“போன வருசம் உங்களுக்கு சுகர் மாத்திர எழுதிக் குடுத்ததும் அதே ஆஸ்பத்திரிதான்,” என்கிறார் பாஸ்டரம்மா, எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டே. பிறகு அந்த ஆளின் பக்கம் திரும்பி, “ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க பிரதர். மாத்திர அட்ட காலியா இருந்தாலும் எடுத்துனு வாங்க. எந்த மாத்திரன்னு அவங்க பாக்கணும்.”